நெருங்கிய உறவினர்

சேட்டு செத்த இருபத்தெட்டாம் நாள் காலையில் மோகன்குமார் எங்கள் ஆபீஸுக்குள் நுழைந்து என் கன்னத்தில் ஒன்று விட்டான். அப்போது என் வாயில் இட்லி இருந்தது. முப்பத்தொரு வருஷம் வக்கீல் குமாஸ்தாவாக இருப்பவனுக்குத் திட்டு புதிதல்ல. அடி அன்றைக்குத்தான் முதல் தடவை. கண்ணாடி பறந்துபோய் பீரோவுக்குக் கீழே விழுந்தது.

"யோவ் தமிழ்வாணா, இன்னாயா எழுதி அனுப்பிக்கீற? ஐகோர்ட்ல மூஞ்சில வீசி அட்ச்சிட்டாங்க!"

நான் தரையில் தவழ்ந்து கண்ணாடியைத் தேடினேன். அவன் என் சட்டைக் காலரைப் பிடித்துத் தூக்கினான். ஒரு பட்டன் தெறித்தது. உள்ளறையிலிருந்து சசிரேகா மேடம் வந்து "மோகன், கையை எடுங்க" என்று சொன்ன பிறகுதான் விட்டான். மேடம் உத்திரமேரூர் கோர்ட்டில் இருபது வருஷமாக வக்கீல். நல்லவர்தான். ஆனால் என்னை அடித்ததற்காக அவனை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அடி வாங்கும்படிதான் நான் வேலை பார்த்திருந்தேன்.

விஷயம் இதுதான். மோகன்குமாரின் சித்தப்பா சேட்டு, சாலவாக்கத்துக்குப் பக்கத்து ஊரில் பெரிய விவசாயி. நாலு வருஷத்துக்கு முன்னால் சாமுவேல் என்கிற லோடு ஆட்டோ டிரைவரை ஏரிக்கரையில் மண்வெட்டியால் வெட்டிக் கொன்றதாக வழக்கு. சாமுவேலின் மனைவி பாக்கியமேரி கண்ணால் பார்த்த சாட்சி. அவள் சொன்னதை நம்பித்தான் செஷன்ஸ் கோர்ட்டில் சேட்டுவுக்கு ஆயுள் தண்டனை கொடுத்தார்கள். அதை எதிர்த்து ஐகோர்ட்டில் அப்பீல் போட்டோம். அப்பீல் வரிசையில் கிடந்தது. வரிசை நகர்வதற்குள் சேட்டு ஜெயிலிலேயே மாரடைப்பில் போய்ச் சேர்ந்துவிட்டான்.

மேடம் மோகன்குமாரை உட்காரவைத்து, பொறுமையாகத்தான் சொன்னார்.

"கைதி செத்துட்டா அவன் அப்பீலும் அதோட முடிஞ்சிடும். நெருங்கிய உறவினர் யாராவது, செத்த முப்பது நாளுக்குள்ள, 'நாங்க தொடர்ந்து நடத்தறோம், அனுமதி குடுங்க'ன்னு மனு போட்டாத்தான் ஜட்ஜுங்க அதைக் கேக்க முடியும். நெருங்கிய உறவினர்னா அப்பா அம்மா, பெண்டாட்டி, பெத்த புள்ளைங்க, அவங்க வழியில பேரப்பிள்ளைங்க, கூடப் பொறந்தவங்க. அவ்வளவுதான். அண்ணன் மகன் அதுல வரமாட்டான்."

"கொள்ளி வச்சது நானு மேடம்!" மோகன்குமார் குனிந்து தலையைக் காட்டினான். மொட்டையடித்த தலையில் முள்முள்ளாக முடி வந்திருந்தது. "இந்த மண்டயப் பாருங்க. பதினாறு நாளும் எல்லாம் நான்தான் செஞ்சேன்."

"ஜட்ஜு மண்டையப் பாக்கமாட்டாரு மோகன்."

அந்தத் தப்பு என்னுடையது. சேட்டுவின் சாவுக்கு நான் போயிருந்தேன். மோகன்குமார் தண்ணீர்க் குடத்தைத் தோளில் வைத்து மூன்று சுற்று சுற்றியதையும், சுடுகாட்டில் திரும்பிப் பார்க்காமல் வந்ததையும் பார்த்தேன். எங்கள் பக்கத்தில் பிள்ளை இல்லாதவனுக்குக் கொள்ளி வைத்தவன் பிள்ளைதான். கருமாதிப் பத்திரிகையில் அப்படித்தான் போடுவார்கள், ஊரும் அப்படித்தான் பேசும். நானும் மனுவில் 'இறந்தவரின் மகன்' என்று எழுதிவிட்டேன். சட்டப் புத்தகங்களுக்கு நடுவில் பாதி ஆயுளை ஓட்டிவிட்டு, பேனாவை எடுக்கும்போது சுடுகாட்டுக் கணக்கில் எழுதியிருக்கிறேன். ஐகோர்ட்டில் ஆதார் அட்டையைப் பார்த்தார்கள். அப்பா பெயர் வேறாக இருந்தது. திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

"சேட்டுவுக்கு வேற யாரு இருக்காங்க?" என்று மேடம் கேட்டார்.

அப்பா அம்மா இல்லை. பிள்ளை இல்லை. கூடப் பிறந்தது ஒரே அண்ணன், மோகன்குமாரின் அப்பா. அவர் போய்ப் பத்து வருஷம். நாங்கள் மூன்று பேரும் கொஞ்ச நேரம் யோசித்தோம். யோசித்தோம் என்பதே எவ்வளவு வெட்கக்கேடு! சேட்டுவுக்கு ஒரு மனைவி இருந்தாள். ராணியம்மாள். முப்பது வருஷம் அந்த வீட்டில் சோறு வடித்தவள். அவள் பெயர் எங்கள் மூவருக்கும் முதலில் வரவில்லை.

"சித்தியா?" மோகன்குமாருக்குச் சிரிப்பே வந்துவிட்டது. "அது இன்னா, வைன்னா வைக்கப்போவுது. நாளைக்குக் காலைல பேப்பரோட வா தமிழ்வாணா. இந்தத் தபா ஒழுங்கா எழுது."

அவனையும் முழுக்கக் கெட்டவன் என்று சொல்லிவிட முடியாது. அப்பா போன பிறகு அவனை ஆளாக்கியது சேட்டுதான். ஜெயிலுக்கு மாதம் இரண்டு தடவை தவறாமல் போவான். வரப்போகிற பஞ்சாயத்துத் தேர்தலில் தலைவருக்கு நிற்க எல்லா ஏற்பாடும் செய்து வைத்திருந்தான். கொலைகாரன் வீட்டு ஆள் என்று எதிராளி நோட்டீஸ் அடித்து ஒட்டுவான் என்று அவனுக்குப் பயம். செத்த பிறகாவது சித்தப்பா நிரபராதி என்று ஒரு காகிதம் வேண்டும் அவனுக்கு. அந்தக் காகிதத்துக்கு ராணியம்மாளின் கட்டைவிரல் வேண்டும். இருந்தது இரண்டு நாள்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு என் டி.வி.எஸ். வண்டியில் போய் இறங்கினேன். பையில் பிரமாணப் பத்திரம், வக்காலத்து, இங்க் பேட். மோகன்குமாரின் மனைவி வளர்மதி என்னைப் பின்கட்டுக்குக் கூட்டிப் போனாள். மாட்டுக் கொட்டகையை ஒட்டி ஒரு அறை. தவிட்டு மூட்டைகள், தீவனப் பக்கெட்டுகள், ஒரு பாய். பாயில் ராணியம்மாள் உட்கார்ந்திருந்தாள். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். வலது கையில் கடைசி இரண்டு விரல்கள் உள்ளங்கைக்குள் மடங்கி, மடங்கினபடியே நின்றுபோயிருந்தன. முன்பு ஒரு தரம் சேட்டுவைக் கேட்டபோது, கதவில் மாட்டிக்கொண்டது என்றான்.

"ஒரு கைநாட்டு வேணும்மா" என்றேன்.

"இன்னா பேப்பரு?"

"சித்தப்பா கேசு" என்றான் பின்னால் வந்த மோகன்குமார். "நீ வை. அவரு கெளம்பணும், மெட்ராஸ் போவணும்."

"படிச்சிக் காட்டச் சொல்லு."

மோகன்குமார் அவளை ஒரு மாதிரி பார்த்தான். அந்த வீட்டில் அவள் எதையாவது கேட்டு அவன் பார்த்ததில்லை போலிருக்கிறது. "படிச்சி உனக்கு இன்னா புரியப்போவுது?"

"புரியுதோ புரியலையோ. படிக்கச் சொல்லு."

படிக்கத்தான் வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவர்களின் பிரமாணப் பத்திரத்துக்குக் கீழே, 'தமிழில் வாசித்துக் காட்டப்பட்டு, புரிந்துகொண்டு, என் முன்னிலையில் கைநாட்டு வைத்தார்' என்று எழுதி நான் கையெழுத்துப் போடவேண்டும். இதுவரை ஆயிரம் பேருக்குப் போட்டிருப்பேன். பத்துப் பேருக்குக்கூட வாசித்துக் காட்டியிருக்கமாட்டேன். அன்றைக்கு வாசித்தேன்.

நான் இறந்துபோன சேட்டுவின் மனைவி. தலையாட்டினாள். என் கணவர் இன்ன தேதியில் சிறையில் இறந்தார். தலையாட்டினாள். என் கணவர் எந்தக் குற்றமும் செய்யாதவர். தலை ஆடவில்லை. நான் தொடர்ந்து வாசித்தேன். சம்பவத்தைப் பார்த்ததாகச் சொன்ன பாக்கியமேரி அந்த இடத்தில் இருக்கவே இல்லை என்பதும், அவருடைய சாட்சியம் முழுப் பொய் என்பதும் எனக்கு நேரடியாகத் தெரியும்.

"நிறுத்து" என்றாள்.

நிறுத்தினேன்.

"மேரி அங்கதான் இருந்தா. நானும் இருந்தேன். நான் வைக்கமாட்டேன்."

கொட்டகையில் ஒரு மாடு மூத்திரம் பெய்துகொண்டிருந்தது. அந்தச் சத்தம் நின்றது. பிறகு அவளே பேசினாள். அழவில்லை, குரலும் உயரவில்லை.

"அன்னிக்கு நாஷ்டா எடுத்துக்கினு பம்புசெட்டுக்குப் போனேன். நாத்து முத்திப் போச்சுன்னு ஒரு வாரமா அவருக்கு வெறி. நடவுக்கு ஒரு ஆளு வரல. பொம்பளைங்கள எல்லாம் சாமுவேல்தான் ஆட்டோல ஏத்திக்கினு கம்பெனி வேலைக்கு இட்டுக்கினு போயிட்றான்னு கறுவிக்கினே இருந்தாரு. காலைல அவன் காலி ஆட்டோல வந்தான். கரை மேல மறிச்சாரு. எறங்கி வந்து, 'அவங்களா வராங்க, நான் இன்னா பண்றது'ன்னான். பேசிக்கினு இருக்கும்போதே மண்வெட்டி எறங்கிடுச்சு. கய்த்துக்கும் தோளுக்கும் நடுவுல. வெறகு பொளக்கற சத்தம். குப்புற விய்ந்தான். முதுவுல ரெண்டாவது. மூணாவது போட்டப்போ மண்வெட்டி எலும்புல சிக்கிக்கிச்சு. முதுவுல கால வச்சி மிதிச்சி உருவுனாரு."

"சித்தி, வாய மூடு" என்றான் மோகன்குமார்.

"மதகாண்ட மேரி புல்லுக்கட்டோட நின்னுகினு இருந்தா. கத்திக்கினு ஓடியாந்தா. தூரம். அவ வந்து சேர்றதுக்குள்ள முடிஞ்சிபோச்சு." மடங்கின விரல்களை என்னிடம் நீட்டினாள். "சாயங்காலம் போலீஸ் விசாரிக்க வர்றதுக்கு முன்னாடி, அவரு என் கைய அம்மி மேல வச்சாரு. குழவிய எடுத்தாரு. 'காலைல எங்க இருந்த'ன்னாரு. 'கரையில'ன்னேன். ஒரு வெரலு. மறுபடி கேட்டாரு. 'கரையில'ன்னேன். இன்னொரு வெரலு. மூணாவது தபா 'அடுப்பாண்ட இருந்தேன்'னு சொல்லிட்டேன். போலீசுக்கும் அத்தயே சொன்னேன்."

மோகன்குமார் அவளை விலாவில் உதைத்தான். முதல் உதையில் அவள் தவிட்டு மூட்டையில் போய் மோதினாள். இரண்டாவது உதை வயிற்றில் விழுந்தது. வளர்மதி போய்க் கொட்டகைக் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். தெருவுக்குக் கேட்கக் கூடாதாம். மாடு கழுவுகிற ரப்பர் டியூப் சுவரில் மாட்டியிருந்தது. அதை இரண்டாக மடித்து எடுத்துக்கொண்டான்.

"சோறு போட்டவனக் காட்டிக் குடுப்பியா? செத்தவனத் தூக்குல போடப் பாக்கறியா?"

ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு அடி. முதுகில், தொடையில், முகத்தை மறைத்த கைகளில். ரவிக்கை கிழிந்து தோலும் கிழிந்தது. அவள் "வைக்கமாட்டேன்" என்று மட்டும் சொன்னாள். ஒவ்வொரு அடிக்கும் சொன்னாள். எண்ணிக்கொண்டிருந்தேன், பிறகு விட்டுவிட்டேன்.

நான் என்ன செய்தேன்? இங்க் பேடின் மூடியை மூடினேன். திறந்து வைத்தால் காய்ந்துவிடும் என்று தோன்றியது. ஒரு பொம்பளையை என் கண் முன்னால் மாட்டை அடிப்பதுபோல் அடிக்கிறான், எனக்கு மை காயக் கூடாது என்கிற கவலை. இன்றைக்கு எழுதும்போதும் கை கூசுகிறது.

அவள் அசையாமல் கிடந்தபோது அவன் அவள் முழங்கைமேல் மண்டியிட்டான். இறுக்கி மூடியிருந்த இடது கையை ஒவ்வொரு விரலாகப் பிரித்தான்.

"பேடக் கொண்டா தமிழ்வாணா!"

கொண்டுபோனேன். ஆமாம், நானேதான் மூடியைத் திறந்து, குனிந்து, அவள் கைக்குப் பக்கத்தில் பிடித்தேன். அவள் கட்டைவிரல் மையில் பட்டது. காகிதத்துக்காக அவன் இன்னொரு கையை என் பக்கம் நீட்டினான். நீட்டின அந்த முன்கையை அவள் கடித்தாள். விட்டுவிட்டுக் கடிக்கிற கடி இல்லை. பல் இறங்கி, அப்படியே தலையை ஒரு உலுக்கு உலுக்கினாள். அவன் போட்ட அலறலில் மாடுகள் கயிற்றை இழுத்துக்கொண்டு எழுந்தன. ரத்தம் என் வேட்டிவரை தெறித்தது. அவன் புரண்டதும் அவள் எழுந்துவிட்டாள். தாழ்ப்பாளருகே நின்ற வளர்மதியை மாரில் கைவைத்துத் தள்ளினாள். கதவு திறந்தது, வெயில் உள்ளே அடித்தது, அவள் ஓடிவிட்டாள்.

தாலி கழற்றிய பெண்பிள்ளை, அதுவும் சேட்டு வீட்டுப் பெண்பிள்ளை, பகல் பத்து மணிக்குக் கிழிந்த ரவிக்கையோடும் வெறுங்காலோடும் பெரிய தெருவில் ஓடினாள். பால் சொசைட்டி வாசலில் நின்ற ஆண்பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் பார்த்தார்கள். ஒருவரும் மறிக்கவில்லை, ஒருவரும் கேட்கவில்லை. பின்னால் மோகன்குமார், கையில் ரத்தம் சொட்ட, டியூபோடு. நானும் வண்டியை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனேன். எதற்குப் போனேன் என்று கேட்டால் எனக்குத் தெரியாது.

தார் ரோட்டைத் தாண்டி, தண்ணீர் டேங்கைத் தாண்டி, காலனிக்குள் நுழைந்தாள். அந்த ரோட்டைத் தாண்டி அவர்கள் வீட்டுப் பெண்கள் போனதாக நான் கேள்விப்பட்டதில்லை. மாதா கோயிலுக்கு அடுத்த சந்தில் மூன்றாவது வீடு. வாசலில் பாக்கியமேரி வேலிகாத்தான் விறகு பிளந்துகொண்டிருந்தாள். நாற்பது வயது, நரம்பு தெரிகிற கை. சாமுவேல் போன பிறகு ஆடு வளர்த்துப் பிழைக்கிறாள்.

ராணியம்மாள் அவளுக்கு நாலடி தள்ளி நின்றாள். மூச்சு வாங்கியது. வாயெல்லாம் ரத்தம், பாதி அவளுடையது, பாதி அவனுடையது.

"மேரி, நான் இருந்தேன். அன்னிக்குக் கரையில நானும் இருந்தேன். நீ சொன்னது அத்தினியும் நெசம். நான் பாத்தேன்."

பாக்கியமேரி நிமிர்ந்தாள். அவள் முகத்தில் என்ன ஓடியிருக்கும் என்று எனக்குக் கொஞ்சம் தெரியும். கோர்ட்டில் அவளைக் குறுக்கு விசாரணை செய்த இரண்டு நாளும் சென்னையிலிருந்து வந்த சீனியர் வக்கீலுக்குக் கேஸ் கட்டு தூக்கியவன் நான். மதகிலிருந்து கரைக்கு எத்தனை அடி, சூரியன் எந்தப் பக்கம், புல்லுக்கட்டு தலையிலா இடுப்பிலா, உனக்குக் கண் எப்போது சோதித்தார்கள், உன் புருஷன் குடித்திருந்தானா, வீட்டில் இருந்த ராணியம்மாளைக் கரையில் பார்த்ததாக ஏன் கதை கட்டுகிறாய், நீ பொய் சொல்கிறாய், மறுபடி பொய் சொல்கிறாய். இரண்டு நாளும் அவள் நின்றுகொண்டே பதில் சொன்னாள். ஜட்ஜ் நம்பினார். ஊர் நம்பவில்லை. பொய்க்காரி என்றே பெயர் வைத்துவிட்டார்கள். ராத்திரியில் ஓட்டின்மேல் கல் விழும். மேய்ச்சலுக்குப் போன ஆடுகள் கால் ஒடிந்து திரும்பும். ஒரே ஒருத்தி வாயைத் திறந்திருந்தால் அத்தனையும் நின்றிருக்கும்.

பாக்கியமேரி அறைந்தாள். ராணியம்மாளின் தலை ஒரு பக்கமாகத் திரும்பியது. மறுபடி நேராக வைத்துக்கொண்டாள். மறுபடி அறைந்தாள்.

"நாலு வருசம்! நாலு வருசம்டி! பாத்துட்டு வூட்ல குந்திக்கினு இருந்தியா? என்ன நாயி மாதிரி கேட்டாங்களே கோர்ட்ல, அப்போ எங்கடி போன?"

மூன்றாவது அறையில் ராணியம்மாள் முழங்காலில் விழுந்தாள். கையைத் தூக்கவில்லை. மறைக்கவும் இல்லை. அதற்குள் மோகன்குமார் வந்துவிட்டான். பாக்கியமேரி அடிப்பதைப் பார்த்ததும் அவன் முகத்தில் ஒரு தெம்பு.

"போதும் உடு. எங்க வூட்டுப் பொம்பள, நாங்க பாத்துக்கறோம்" என்று ராணியம்மாளின் தலைமயிரைச் சுருட்டிப் பிடித்து இழுத்தான். அவள் மண்ணில் தேய்ந்துகொண்டு போனாள்.

பாக்கியமேரி கையிலிருந்த கோடாலியைக் கீழே வைத்துவிட்டு, பிளக்காத ஒரு கட்டையை எடுத்ததை நான் பார்த்தேன். அந்த நேரத்திலும் அதை வைத்து இதை எடுக்க அவளுக்கு யோசனை இருந்தது. மயிரைப் பிடித்திருந்த மணிக்கட்டின் மேல் ஓங்கிப் போட்டாள். எலும்பு முறிந்தது எனக்குக் கேட்டது. மோகன்குமார் உட்கார்ந்துவிட்டான். வாய் திறந்திருந்தது, சத்தம் கொஞ்சம் தாமதமாகத்தான் வந்தது.

"நான் அடிப்பேன்" என்றாள் பாக்கியமேரி. "எனக்கு அடிக்க ஞாயம் கீது. நீ யாரு இவள அடிக்க?"

"நான்... நான் கொள்ளி வச்சவன்" என்றான். வலியில் என்ன பேசுவது என்று தெரியாமல், ஒரு மாதமாக வாயில் இருந்தது வந்துவிட்டது.

"கொள்ளி வச்சவன்னா சுடுகாட்ல போய் நில்லு. எங்க தெருவுல இன்னா வேல?"

அதற்குள் சந்து நிறைந்துவிட்டது. பெண்கள்தான் அதிகம். ஒருத்தி துடைப்பத்தோடும் ஒருத்தி அரிவாள்மனையோடும் அப்படியே எழுந்து வந்திருந்தார்கள். மோகன்குமார் முறிந்த கையை இன்னொரு கையால் ஏந்திக்கொண்டு எழுந்தான். என்னைப் பார்த்தான்.

"அந்தப் பேப்பர இங்க குடு. கைநாட்டு நான் வச்சிக்கறேன். எவன் கேக்கப்போறான்?"

"முடியாது மோகன்" என்றேன். "தெருவே கேட்டாச்சு. மேடம் தொடமாட்டாங்க. நானும் சாட்சிக் கையெழுத்துப் போடமாட்டேன்."

இதைத் தைரியம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். கொட்டகைக்குள் கதவு சாத்தியிருந்தபோது வராத வார்த்தை, சுற்றிலும் ஐம்பது பேர் நின்றபோது வந்தது. அவ்வளவுதான் என் வீரம். மோகன்குமார் என் வண்டியை உதைத்துத் தள்ளிவிட்டுப் போனான்.

ராணியம்மாள் மண்ணிலிருந்து தானே எழுந்து உட்கார்ந்தாள். யாரும் கை கொடுக்கவில்லை. அவளும் எதிர்பார்க்கவில்லை. என்னைக் கூப்பிட்டாள்.

"நாளைக்கு நான் வைக்கலன்னா இன்னா ஆவும் சார்?"

"நாளையோட முப்பது நாள் முடியுது. அப்பீல் போயிடும். எந்த ஜட்ஜும் கேக்கமாட்டாங்க."

"அப்புறமா வந்து வைன்னு கேப்பாங்களா?"

பொய் சொல்ல மனம் வரவில்லை. "கேக்கலாம்மா. லேட்டானதுக்குக் காரணம் சொல்லி இன்னொரு மனு போடலாம். ஆனா அதுலயும் உங்க கைநாட்டுதான் வேணும். வேற யாருதும் செல்லாது. உங்களத் தவிர அவருக்கு யாருமே இல்ல."

"அப்போ நான் சாவற வரிக்கும் வைக்காம இருக்கணும்."

"ஆமா."

"அவரு?"

"கொலைகாரர்னு எழுதினது எழுதினபடியே இருக்கும்."

"இருக்கட்டும்" என்றாள். வாயிலிருந்த ரத்தத்தைத் துப்பினாள். "நான் வைக்காம இருப்பேன்."

எனக்கு அழுகை வந்தது. வேலை முடிந்தது என்று கிளம்பியிருக்கலாம். வண்டியை நிமிர்த்திக்கூட விட்டேன். அப்போதுதான் பாக்கியமேரி அவள் முன்னால் வந்து குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். கட்டை இன்னும் கையில் இருந்தது. குரல் தணிந்துபோயிருந்தது.

"நீ கிட்ட இருந்த. நான் ஓடியாந்து தலய மடியில வச்சப்போ அவருக்குப் பேச்சு நின்னுபோச்சு. ஆனா ஓடியாந்துகினு இருக்கறப்போ, அவரு தலயத் தூக்கி வாய அசைச்சத நான் பாத்தேன். இன்னா சொன்னாரு?"

ராணியம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள். அவ்வளவு அடிக்கும் குனியாத தலை.

"நாலு வருசமா இத்த ஒண்ணுதான் நெனச்சிக்கினு கீறேன். ஜட்ஜுக்குத் தெரியாது, போலீசுக்குத் தெரியாது. உனக்குத் தெரியும். சொல்லு. புள்ளைங்களச் சொன்னாரா? என் பேரச் சொன்னாரா?"

"தண்ணி கேட்டாரு" என்றாள் ராணியம்மாள்.

மடங்கின விரல்களை இன்னொரு கையால் பொத்திக்கொண்டாள்.

"என் கையில சொம்பு இருந்துச்சு மேரி. ரொம்ப தண்ணி இருந்துச்சு. ரெண்டு எட்டு வச்சிருந்தா குடுத்திருக்கலாம். எங்க வூட்டுக்காரரு திரும்பி என்னப் பாத்தாரு. நான் குடுக்கல."

"எத்தினி தபா கேட்டாரு?"

"மூணு தபா."

பாக்கியமேரியின் கை கட்டையை இறுக்குவதைப் பார்த்தேன். கண்ணை மூடிக்கொண்டேன். மண்டை உடையப்போகிறது, இந்த வாசலில் இன்னொரு கொலை விழப்போகிறது, அதற்கும் நான்தான் கட்டு தூக்கப்போகிறேன் என்று நினைத்தேன். ஒன்றும் விழவில்லை. கண்ணைத் திறந்தபோது கட்டை தரையில் கிடந்தது. பாக்கியமேரி எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மறுநாள் சாயங்காலம் ஐகோர்ட் ஆபீஸ் மூடுகிற நேரம் வரைக்கும் ராணியம்மாள் மாதா கோயில் வராண்டாவில் காலனிப் பெண்களுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தாள். யாரும் மனு போடவில்லை. அப்பீல் முடிந்துபோனது. இப்போது திருப்புட்குழியில் அவள் தங்கை மகள் வீட்டில் இருக்கிறாள். போன வாரம், அன்றைய அடிதடி பற்றிய போலீஸ் விசாரணைக்காக உத்திரமேரூர் வந்தபோது பார்த்தேன். முகத்துக் காயம் ஆறியிருந்தது. மேரி ஏதாவது பேசினாளா என்று கேட்டேன்.

"அன்னியிலேர்ந்து ஒரு வார்த்த பேசல சார்" என்றாள். "அன்னிக்கு அந்தக் கட்டயால என்ன ரெண்டு போட்டிருக்கலாம். போடாம உள்ள போயிட்டா."

அதைச் சொல்லும்போதுதான் அவள் அழுது நான் பார்த்தேன்.